ஏழாவது பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அல்சூரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகையால் 1938-ஆம் வருஷம் ஜூன் மாதம் எங்கள் தண்டு சரித்திர சபைக் கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்து, "சார், ராஜா கதையெல்லாம் சரி. இந்த ஊர் ஜனங்க கதைய எப்ப சொல்லப்போறீங்க?" என்று கேட்டபோது, மற்றப் பத்துப் பேரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஸ்ரீகண்டன் இன்றைக்குக் குதிக்கப்போகிறான், பார்க்கலாம் என்ற ஆசை.

பத்துப் பேர்தானா என்று கேட்கக் கூடாது. அதுதான் எங்கள் நல்ல கூட்டம். சபை தொடங்கி நான்கு வருஷம்; நான் காரியதரிசி. மாதத்துக்கு ஒரு பிரசங்கம், பெரும்பாலும் நானே பிரசங்கி. பட்டாளம் வந்து இறங்கிய பெங்களூர்ப் பகுதிக்குத் தண்டு என்ற பெயர் எப்படி வந்தது என்பதிலிருந்து சோழர் கல்வெட்டு வரை எல்லாவற்றையும் பிழிந்து கொடுத்தாயிற்று. மழை பெய்தால் ஏழு பேர் வருவார்கள். அதிலும் ஒருவர் ஹாலைப் பூட்டக் காத்திருக்கும் காவல்காரர்.

எழுந்து நின்ற அம்மாள் ரிச்சர்ட்ஸ் டவுன் மிட்வைஃப் ஜோசஃபின். தண்டில் பாதிக் குழந்தைகள் அந்த அம்மாள் கையில் பிறந்தவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேலே பேசிவிட்டார்.

"பிளேக் வந்தப்ப எனக்கு மூணு வயசு சார். எங்க அப்பாவுக்கு நெறி கட்டிடுச்சி. சொந்த சித்தப்பாவே வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு ஓடிட்டார். டோலி தூக்கறவங்க வந்துதான் அப்பாவ எடுத்துக்கிட்டுப் போயி கேம்ப்ல சேத்தாங்க. அப்பா பொழச்சி வந்துட்டார். தூக்கிக்கிட்டுப் போன ஆளு பொழைக்கல. அவர் பேர் என்னான்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. கேக்கணும்னு கூட தோணல. வர்ற அக்டோபரோட நாப்பது வருஷம் ஆவுது. உங்க சபை அதக் கண்டுபிடிச்சா என்னா?"

நான் குதிக்கவில்லை. பிளேக் சமயத்தில் என் குடும்பம் மைசூருக்குப் போய்விட்டது. எங்களுக்குப் போக இடம் இருந்தது, வண்டி இருந்தது. ஊரிலேயே கிடந்து நோயாளிகளையும் பிணங்களையும் தூக்கியவர்களைப் பற்றி நான் அதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

அப்படித்தான் அந்தக் காரியம் தொடங்கியது. தொடங்கியது என்ன, என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது என்று சொல்ல வேண்டும்.

ஜோசஃபினுக்கு அடுத்தபடியாக வந்து சேர்ந்தவர் தியோடர். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர், அதிகம் பேசமாட்டார், விரல் நுனியெல்லாம் எப்போதும் கறுப்பு. அவருடைய அச்சகத்துக்குக் கட்டுச் சுற்றுவதற்காகப் பழைய காகிதம் எடை போட்டு வாங்குவார்கள். எந்த ஆபீஸிலிருந்து கழித்துக் கட்டியதோ, அந்தக் குப்பையில் பிளேக் கால ஆள் பட்டியல் ஒன்று பல வருஷங்களுக்கு முன் வந்திருக்கிறது. மனுஷன் அதைக் கிழிக்க மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போய் வேதப் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். டோலி தூக்கியவர்கள் முப்பத்திரண்டு பேர். ஏழு பெயர்களுக்கு எதிரே சிவப்பு மசியில் 'காலம்', அதாவது செத்துவிட்டார், என்று எழுதியிருந்தது.

ஏழு பெயர்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஜோசஃபின் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார். மாதா கோயில் பள்ளிக்கூட ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டுவது. ஒவ்வொரு பெயராக வாசிப்பது. அந்தப் பெயருக்கு உரியவர்கள் எழுந்து வந்து தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் ஒரு பூவைப் போட்டு, அவரைப் பற்றித் தெரிந்ததை ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவது. அன்றைக்கு வாசிக்கும் பெயர்களை மறுநாள் கல்தச்சனிடம் கொடுத்து ஏரிக்கரையில் ஒரு கல் நடுவது.

"ஒரு வாக்கியம் போதுமா?" என்று கேட்டேன். என் பிரசங்கங்கள் ஒன்றரை மணி நேரம் போகும்.

"போதும் சார். அதுக்கு மேல பேசினா அழுதுடுவாங்க" என்றார்.

அந்த நான்கு மாதமும் அவர்கள் உழைத்த உழைப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஜோசஃபின் பிரசவத்துக்குப் போன வீட்டிலேயே, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே, "உங்க தாத்தா காலத்துல டோலி தூக்கின சின்னப்பன்னு ஒருத்தர் இருந்தாராமே?" என்று விசாரிப்பார். பிள்ளை பெற்றவள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். தியோடர் அச்சக வேலை முடிந்த பிறகு நின்றபடியே தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அறிக்கை கோத்தார். உருது எழுத்து அந்த அச்சகத்தில் இல்லை. அதற்காக மசூதித் தெருவில் அழகாக எழுதும் ஒருவரைப் பிடித்து நாற்பது பிரதி எழுதி வாங்கினார். இவர்களில் யாருக்கும் சரித்திரம் தெரியாது. சரித்திரம் தெரிந்த நான் அறிக்கையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு குடும்பங்கள் கிடைத்துவிட்டன. ஏழாவது பெயர் 'ரங்கா'. அந்த ரங்காவின் ஜனங்கள் ஈஜிபுராவில் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்போது அது வயலும் களமுமாகக் கிடந்த கிராமம். செப்டம்பர் கடைசியில் ஒரு காலை வேளை நானும் ஜோசஃபினும் ஜட்கா வைத்துக்கொண்டு போனோம். வீட்டு வாசலில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"ரங்கா வீடு இதுதானே?" என்று ஜோசஃபின் கேட்டார்.

"இதான். எந்த ரங்கா?"

"பிளேக்ல டோலி தூக்கி செத்துப்போனாரே, அவர்."

அவர் வைக்கோலைக் கீழே வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தாம்மா அது" என்றார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு, உடனேயே கோபம். நான்கு மாத வேலை, அச்சான அறிக்கை, தண்டு முழுக்க ஏழு தியாகிகள் என்று பறை சாற்றியாகிவிட்டது. இங்கே ஒரு தியாகி மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்கிறார்!

"என்னய்யா விளையாடறீரா?" என்று கத்தினேன்.

"இல்ல சாமி" என்றார் ரங்கா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத கேட்டுக்கிட்டு யாராச்சும் ஒரு நாள் வருவாங்கன்னு எனக்குத் தெரியும். நாப்பது வருசம் ஆச்சி."

பிறகு சொன்னார். அந்தக் காலத்தில் கூலி வேலையில் பத்லி என்று ஒரு வழக்கம். பட்டியலில் பெயர் உள்ளவனால் போக முடியாவிட்டால் தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்புவான். மேஸ்திரி பெயரைக் கூப்பிடுவார். எவனாவது ஒருவன் முன்னால் வந்து நின்றால் போதும், முகத்தைப் பார்ப்பதில்லை. பட்டியலில் ரங்காவின் பெயர் ஏறியிருந்தது. முதல் நாள் ஒரே வீட்டில் நான்கு பிணத்தைப் பார்த்துவிட்டு ரங்கா வாந்தியெடுத்திருக்கிறார். அவரோடு கல் சுமக்கும் வேலை பார்த்த ஊத்தங்கரைக்காரன் ஒருவன், "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறான்.

"பயம் சாமி. வேற ஒண்ணும் இல்ல. மறுநாள் என் பேரக் கூப்ட்டாங்க. அவன் போயி நின்னான். பத்து நாள் என் பேர்ல தூக்கினான். பதினோராம் நாள் என் பேர்லயே செத்துட்டான்."

"அவர் பேர் என்னா?" என்றார் ஜோசஃபின்.

ரங்கா தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் ஊத்தங்கரையான்னுதான் கூப்டுவோம். பேரு கேட்டதில்லம்மா. வேலைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் இருக்கும். புள்ள குட்டி இல்ல. கூட வந்த ஜனமும் எங்கெங்கயோ செதறிப்போச்சி. பொஞ்சாதி மட்டும் இருக்கறா. கெங்கம்மான்னு பேரு. அல்சூர் மார்க்கெட்ல கீரை விக்கறா. நான் அந்தத் தெருப் பக்கமே போறதில்ல."

திரும்பி வரும்போது வண்டியில் நான் சொன்னேன்: "ஆறு பெயர் போதும். ஏழாவதை எடுத்துவிடலாம். ஆதாரம் இல்லாத பெயரைச் சபை ஏற்க முடியாது."

ஜோசஃபின் என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "பேருக்குத்தான் சார் ஆதாரம் இல்ல. செத்ததுக்கு இருக்கே" என்றார். அல்சூர் வருவதற்குள் ஏழாவதும் இருக்கட்டும் என்று நானே ஒப்புக்கொண்டேன்.

கெங்கம்மாவை நான் தனியாகப் போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஜோசஃபினுக்கு ஒரு கஷ்டமான பிரசவக் கேஸ். மார்க்கெட்டின் கடைசி வரிசையில், ஈரச் சாக்கின்மேல் கீரைக்கட்டுகளைப் பரப்பிக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். பட்டியலில் அவள் புருஷன் ரங்கா என்ற பெயரில் செத்திருக்கிறான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்ப அவரு செத்ததா எங்கயுமே எழுதலயா?" என்றாள்.

"எழுதலை."

"மூஞ்சியத்தான் பாக்க விடல. கேம்ப்புக்கு வெளிய மூணு நாளு நின்னேன் சாமி. சாம்பல் கூடக் குடுக்கல. பேராச்சும் எழுதி வெச்சிருப்பாங்கன்னு இருந்தேன்."

"இப்போ எழுதலாம். கல்லிலேயே எழுதலாம். பேரைச் சொல்லு."

அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். என் வீட்டிலும் இருபத்தாறு வருஷமாக இதே கதைதான். என் மனைவி பாகீரதி என்னை 'இந்தாங்கோ' என்பதோடு சரி. ஆனால் எனக்கு அப்போது பொறுமை இல்லை. காலடியில் அழுகல் இலை, சேறு; முழங்காலில் ஓர் ஆடு முட்டிக்கொண்டிருந்தது.

"இறந்தவருக்கு ஆயுசு எங்கேம்மா குறையப்போறது?" என்றேன்.

"அவருக்குக் கொறயாது. எனக்குன்னு அவருக்குச் செய்ய வேற இன்னா இருக்குது சாமி? இத ஒண்ணத்தான் காப்பாத்திக்கினு வரேன்" என்றாள். பிறகு, "ஜாடையா சொல்றேன். எங்க ஊரு சாமி பேருதான் அவருக்கு. வில்லு புடிச்சிக்கினு நிக்கிற சாமி. ஏரிக்கரையில..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் இரண்டு பேர் முளைக்கீரை கேட்டு வந்தார்கள். போதும், எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு பூவோடு வந்துவிடும்படி மட்டும் சொன்னேன்.

வில் பிடித்த சாமி யார்? இதற்குப் பண்டிதன் வேண்டுமா? ராமர்தான். ஏரிக்கரையில் ராமர் கோயில் இருப்பதும் அதிசயமில்லை. போகிற வழியிலேயே அச்சகத்துக்குள் நுழைந்து, 'ஊத்தங்கரை ராமசாமி' என்று எழுதி, வாசிக்க வேண்டிய பெயர்ப் பட்டியலில் சேர்த்து அச்சடிக்கும்படி தியோடர் கையில் கொடுத்தேன்.

சாப்பிடும்போது பாகீரதியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ராமர்னு அவ சொன்னாளா?" என்றாள்.

"ஜாடையாச் சொன்னாள். நான் கண்டுபிடிச்சேன்."

"நீங்க கண்டுபிடிச்சது சரிதானான்னு அவகிட்ட திரும்பக் கேட்டேளா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"ஒண்ணுமில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?" என்றாள் பாகீரதி. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் என்னோடு வாதாடுவதில் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஜோசஃபினும் இதையேதான் சொன்னார்: "ஒரு தடவ அந்தம்மாகிட்ட சொல்லிக் காட்டிடலாம் சார்." அச்சாகிவிட்டது என்று நான் எரிந்து விழுந்தேன். தானே போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அன்றிரவே பிரசவத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை முழுதும் அங்கேயே போயிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரே ஹாலுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பெஞ்சு துடைக்க ஆரம்பித்தார்.

மூன்றரைக்கே ஹால் நிரம்பிவிட்டது. என் ஒரு வருஷக் கூட்டங்களையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு தலை வராது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள் போதாமல் இரண்டு தெருவிலிருந்து நாற்காலிகள் வந்தன. எது எந்த வீட்டுடையது என்பது திருப்பிக் கொடுக்கும்போது தெரிய வேண்டும் என்று தியோடர் ஒவ்வொரு நாற்காலியின் காலிலும் வெவ்வேறு நிற நூல் கட்டியிருந்தார். பிரம்பு நாற்காலியில் வக்கீல், பக்கத்து முக்காலியில் வண்ணார், அடுத்தாற்போல் பர்தாவோடு இரண்டு அம்மாள்கள். தண்டில் இவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

நான் மேடையேறி முதல் பெயரை வாசித்தேன். "சூசை."

நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். தாம்பாளத்தில் பூவைப் போட்டார். "எங்க அண்ணன். நல்லா பாடுவார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"அப்துல் கரீம்."

"எங்க வாப்பா. எனக்கு மொகம் ஞாபகம் இல்ல."

"முனிவெங்கடப்பா."

ஒரு பெண் வந்து கன்னடத்தில் சொன்னாள். தன் மாமன் டோலியைத் தோளில் வைத்துக்கொண்டே ஓடுவாராம். நோயாளிக்கு வெயில் படக் கூடாதென்று.

ஒரு வாக்கியம் போதும் என்று ஜோசஃபின் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கியது. ஒன்றரை மணி நேரம் பேசி நான் ஒருநாளும் செய்யாத காரியத்தை இந்த ஜனங்கள் நான்கு வார்த்தையில் செய்துகொண்டிருந்தார்கள். ஆறாவது பெயர் முடிந்தபோது என் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்திருந்தேன்.

ஏழாவதற்கு முன்னால் ரங்கா மேடைக்கு வந்தார். வரச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. ஜோசஃபினிடம் தானே கேட்டுக்கொண்டாராம். கைகளைக் கூப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"பட்டியல்ல ஏழாவதா இருக்கறது என் பேரு. நான் சாவல. பயந்து ஓடிட்டேன். எனக்குப் பதிலா ஒருத்தன் போயி செத்தான். அவன் பேர நான் கேட்டுக்கல. அவன் பொஞ்சாதி இங்க இருக்குது. அதுகிட்ட மன்னாப்பு கேக்கறேன்."

சொல்லிவிட்டு மேடை ஓரத்திலேயே நின்றார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு இருநூறு பேர் முன்னால் நின்று 'பயந்து ஓடிட்டேன்' என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! என்னால் முடியாது.

நான் காகிதத்தை எடுத்து, குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன். "ஊத்தங்கரை ராமசாமி."

யாரும் எழுந்திருக்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் கெங்கம்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. துவைத்த புடவை, கையில் ஒரே ஒரு சாமந்திப்பூ. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்க வாசித்தேன். "ஊத்தங்கரை ராமசாமி!"

அவள் எழுந்து நின்றாள். பூவை எடுத்துக்கொண்டு முன்னால் வரவில்லை.

"அது எங்க வூட்டுக்காரரு இல்ல" என்றாள்.

ஹாலில் சலசலப்பு. எனக்குக் காதெல்லாம் சூடாயிற்று. "வில்லு பிடிச்ச சாமின்னு நீதானேம்மா சொன்னே?" என்று மேடையிலிருந்தே கேட்டேன். எல்லார் முன்னாலும் அவளைக் குற்றவாளியாக்குகிற மாதிரிதான் என் குரல் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

"ஏரிக்கரையில வில்லோட நிக்கிற கல்லுன்னு சொல்ல வந்தேன். நீங்க கேக்கறதுக்குள்ள போயிட்டீங்க" என்றாள் கெங்கம்மா.

கல்! ராமருக்கு ஏரிக்கரையில் வெறும் கல் ஏது? வில்லும் வாளுமாக வீரனைச் செதுக்கி நடும் நடுகல்லை அந்தப் பக்கத்து ஜனங்கள் சாமியாகக் கும்பிடுகிறார்கள். நடுகல்லைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன் நான். கல்லின் உயரம், அகலம், எழுத்தின் காலம், எல்லாம் அளந்து எழுதியிருக்கிறேன். அந்தக் கல்லை ஜனங்கள் என்ன பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்று ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை. அந்தச் சாமியின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஜோசஃபின் அவளிடம் விரைந்து போனார். தோளில் கையை வைத்து, "நீ என் காதுல மட்டும் சொல்லும்மா. நான் சார்கிட்ட எழுதிக் குடுக்கறேன்" என்றார்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதுதான் சுலபமான வழி. கெங்கம்மாவும் ஒரு கணம் ஜோசஃபினின் காதருகே சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

"காதுல சொல்றதுக்கு அவரு இன்னா திருடனா?" என்றாள். "நாப்பது வருசம் இன்னொருத்தர் பேர்ல கெடந்தாரு. இன்னிக்கி வேற ஒரு பேரு வெக்கறீங்க. நாளைக்கிக் கல்லுல அடிச்சிடுவீங்க. நான் செத்துட்டா அப்பறம் யாரு வந்து இல்லன்னு சொல்லுவா?"

முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். பூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அதில் என் பாகீரதியும் ஒருத்தி. அங்கே நடக்கப்போவது என்ன என்று ஆண்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"வேடியப்பன்" என்றாள் கெங்கம்மா.

குரல் குழறவில்லை. ஹாலின் மூலை முடுக்கெல்லாம் கேட்டது. மேடை ஓரத்தில் ரங்கா தன் வாய்க்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்வதைக் கண்டேன். தியோடர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து என் காகிதத்தில் இருந்த 'ராமசாமி'யை அடித்துவிட்டு, அச்சுக் கோக்கிற நிதானத்தோடு ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

நான் கெங்கம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "என்னை மன்னிச்சுக்கோ அம்மா. இப்போ வந்து பூவைப் போடு" என்றேன்.

அவள் நகரவில்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் பேரக் கூப்ட்டீங்க இல்ல? அப்பறம்தான வந்தாங்க?" என்றாள். "இவரையும் கூப்டுங்க சாமி. இந்த ஊர்ல அவர யாரும் அவரு பேர் சொல்லிக் கூப்ட்டதே இல்ல. நான் ஒரு தடவதான் சொல்லலாம், சொல்லிட்டேன்."

கூப்பிட்டேன். பாதிப் பெயர்தான் வெளியே வந்தது.

"கேக்கல சாமி" என்றாள் கெங்கம்மா.

ஒன்றரை மணி நேரம் ஓயாமல் பேசிப் பழகிய குரல் எனக்கு. அதில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் சேர்த்து, ஏரிக்கரை வரை கேட்கும்படி, "வேடியப்பன்!" என்று கூப்பிட்டேன். அவள் நடந்து வந்தாள்.